மாவு பொங்கிய ஃப்ரிட்ஜும் 120 நாள் கெடுவும்

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டுப் போட்ட மை விரலை விட்டுப் போகாத வாரம். பெரம்பூரில் எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கும் அம்மா காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது, முந்தின நாள் ராத்திரி உள்ளே வைத்த மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை வழிந்து கிடந்தது. ஃப்ரிட்ஜ் வாங்கி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்விளக்கு எரிந்தது, கம்ப்ரசர் ஓடும் சத்தமும் கேட்டது. உள்ளே கை வைத்தால் மட்டும் குளிர் இல்லை.

அந்த ஃப்ரிட்ஜுக்காக அவர் டெபிட் கார்டில் கட்டிய 28,490 ரூபாய் திரும்பி வர செப்டம்பர் 6 ஆனது. ஏறத்தாழ ஐந்து மாதம். அதில் சரிபாதி வீணான நாள்கள் என்பது என் கணக்கு. நான் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதே மாதிரி தாள்களை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாங்கியது

சித்திரை முதல் நாள் தள்ளுபடி என்று புரசைவாக்கத்தில் ஒரு பெரிய கடை விளம்பரம் செய்திருந்தது. ஏப்ரல் 13 சனிக்கிழமை, அம்மாவும் மகனும் போனார்கள். விலை 31,490. வீட்டிலிருந்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 3,000 கழித்தார்கள். மீதி 28,490-ஐ அம்மாவே பின் நம்பர் போட்டு விசா டெபிட் கார்டில் கட்டினார். திங்கட்கிழமை வண்டி வந்தது. இரண்டாம் மாடிக்கு ஏற்றிய பையன்களுக்கு 500 ரூபாய் ரொக்கம்.

இந்த மூன்று தொகைகளையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு வழியாகப் போனது மட்டும்தான் கார்டு வழியாகத் திரும்பும். பழைய ஃப்ரிட்ஜின் 3,000-மும் ஏற்றுக்கூலி 500-ம் வங்கியின் கண்ணுக்கே தெரியாதவை.

இரண்டு டெக்னீஷியன்கள்

மாவு பொங்கியதற்கு மறுநாள், திங்கட்கிழமை, அம்மா கடைக்குப் போன் செய்தார். "கம்பெனி சர்வீஸ் நம்பருக்குப் போடுங்கம்மா, நாங்க வித்ததோட சரி" என்றார்கள். சர்வீஸுக்குப் பதிவு செய்து, 25-ம் தேதி முதல் டெக்னீஷியன் வந்தார். குளிர் திருகை ஏழுக்குத் திருப்பினார், அரை மணி நேரம் உட்கார்ந்தார், காபி குடித்தார். "லோடு ஜாஸ்திம்மா, இவ்வளவு மாவு வெச்சா எப்படிக் கூலிங் நிக்கும்?" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

என்ன எழுதியிருந்தது என்று நான் பிறகு கேட்டேன். "வந்துட்டுப் போனதுக்குக் கையெழுத்துன்னாரு அண்ணா" என்றார். அந்த ஜாப் ஷீட்டில் ஆங்கிலத்தில் இருந்தது இது: கூலிங் சரியாக இருக்கிறது, அதிக லோடு வைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தப்பட்டது. வந்துபோனதற்கான அத்தாட்சி என்று அவர் போட்ட கையெழுத்து, ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது என்ற ஒப்புதலாகக் கடையின் ஃபைலில் போய் உட்கார்ந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அது வெளியே வந்தது.

மறுபடியும் மாவு பொங்கியது. மே 6-ம் தேதி வேறொரு டெக்னீஷியன் வந்தார். இவர் பின்பக்க மூடியைக் கழற்றி, கேஜ் வைத்துப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கிறது, லீக் இருக்கும்போல என்று தாளில் எழுதினார். தாளைக் கையோடு கொண்டுபோய்விட்டார். ஆனால் பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புவதற்காக மகன் அதைப் போனில் படம் எடுத்திருந்தார். ஆதாரம் சேர்க்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அண்ணனிடம் கடையைத் திட்டுவதற்காக எடுத்த படம். அந்த ஒரு படம் இல்லையென்றால் இந்தக் கதைக்கு வேறு முடிவு.

மே 9-ல் கேஸ் நிரப்பினார்கள். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த 17-ம் தேதி திரும்பவும் பழைய கதை. மறுநாள் அம்மா நேராகக் கடைக்குப் போனார். மேனேஜர் பில்லைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கொட்டை எழுத்தில்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

தி.நகர், புரசைவாக்கம், பாரிமுனை என்று எங்கே பில் வாங்கினாலும் பின்பக்கம் இந்த வரி இருக்கும். பழுதான பொருளைப் பொறுத்தவரை இதற்கு மதிப்பில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 2(47) பிரிவு, நேர்மையற்ற வணிகமுறை எதுவெல்லாம் என்று வரிசையாகச் சொல்கிறது. பழுதான பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அந்த வரிசையில் உண்டு. நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை என்பதெல்லாம் வேறு சங்கதி. அதற்குக் கடைக்காரர் மறுக்கலாம்.

வங்கியில் நடந்த பிசகு

மே 20 அன்று மகன் வங்கியின் கால் சென்டருக்குப் போன் செய்தார். கோபத்தில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "எங்கம்மாவை ஏமாத்திக் கார்டுல பணம் எடுத்துட்டாங்க." எதிர்முனைப் பெண் தன் பயிற்சிப்படி அதை அனுமதியில்லாத பரிவர்த்தனை என்று பதிவு செய்து, கார்டையும் முடக்கினார். ஜூன் 10-ல் பதில் வந்தது: சிப்பும் பின் நம்பரும் பயன்படுத்தப்பட்டுள்ளன, பரிவர்த்தனை உண்மையானது, புகார் முடிக்கப்படுகிறது.

அந்தப் பதிலில் ஒரு தப்பும் இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். கேட்ட கேள்விதான் தப்பு.

வங்கிக்குள் கார்டு புகார்கள் ஒரே பெட்டியில் விழுவதில்லை. நீங்கள் செய்யாத பரிவர்த்தனை ஒரு பெட்டி. அதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இருக்கிறது. வங்கியின் மீது தப்பில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். கணக்கில் பணம் போய், கடை மெஷினில் வெற்றி என்று வரவில்லையென்றால் அது இன்னொரு பெட்டி. அதற்கு 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். நாமே மனதார வாங்கினோம், பணம் சரியாகத்தான் போனது, ஆனால் பொருள் சரியில்லை என்பது மூன்றாவது பெட்டி. இதற்கு ரிசர்வ் வங்கி விதி கிடையாது, கார்டு நெட்வொர்க்கின், அதாவது விசா, மாஸ்டர்கார்டு போன்றவற்றின், விதிதான். விசாவின் பட்டியலில் மோசடிகள் 10 என்ற எண்ணில் தொடங்கும், நுகர்வோர் தகராறுகள் 13-ல். பொருள் வரவே இல்லை என்றால் 13.1. வந்தது பழுது, அல்லது சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்றால் 13.3. மாவுக்கார அம்மாவின் ஃப்ரிட்ஜ் 13.3. அது மூன்று வாரம் 10-ல் கிடந்து திரும்பி வந்தது.

2013 டிசம்பரிலிருந்து, தட்டிச் செலுத்தும் சின்னத் தொகைகள் தவிர, கடை மெஷினில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் கட்டாயம். ஆகவே பின் போட்டு வாங்கிய ஒன்றை 'மோசடி' என்று சொல்லிப் புகார் செய்தால், வங்கி ஒரு வரியில் முடித்துவிடும். கோபம் நியாயமானதுதான், ஆனால் போனில் 'ஏமாத்திட்டாங்க' என்ற சொல்லை மட்டும் விழுங்கிக்கொள்ள வேண்டும். "நான் வாங்கிய பொருள் பழுது, கடை திரும்ப எடுக்க மறுக்கிறது, டிஸ்ப்யூட் பதிவு செய்ய வேண்டும்." இவ்வளவு போதும்.

ஜூன் 12

அன்று சாயங்காலம் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரோடு என் வீட்டுக்கு வந்தார். பில் இருந்தது. கார்டு ஸ்லிப் சாமி படத்துக்குப் பின்னால், விளக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சூட்டில் தாள் முழுக்கக் கறுத்து ஒரு எழுத்தும் தெரியவில்லை. அந்தத் தாளே சூட்டில் அச்சாகும் ரகம். வாங்கிய அன்றே படம் எடுத்து வைக்காவிட்டால் வெயிலிலோ பர்ஸிலோ ஆறு மாதத்தில் வெள்ளையாகிவிடும், இல்லையென்றால் இப்படிக் கருகிவிடும். நல்லவேளை, பரிவர்த்தனையைத் தேடிப் பிடிக்க உதவும் 12 இலக்க எண், ஆர்ஆர்என் என்பார்கள், கணக்கு அறிக்கையில் அந்த வரவுசெலவு வரிக்குள்ளேயே இருந்தது.

நான் முதலில் நாள்களை எண்ணினேன். விசாவில் இந்த வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் கெடு. பரிவர்த்தனை நாளிலிருந்தோ பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள். மாஸ்டர்கார்டிலும் அதே அளவுதான். ரூபே கார்டுக்கு, அதை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் தனி விதி, தனிக் கெடு. அம்மாவுக்கு அறுபது நாள் போயிருந்தது. டெக்னீஷியன் வருவார், பார்ட் வருகிறது, மேனேஜர் ஊரில் இல்லை. இந்த மூன்று வாக்கியத்திலேயே அறுபது நாள். இதையெல்லாம் கடைகள் திட்டம் போட்டுச் செய்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாமதத்தால் நஷ்டப்படுவது எப்போதும் ஒரே பக்கம்தான்.

அடுத்த கேள்வி: பொருளைத் திருப்பித் தருகிறேன் என்று கடைக்கு எழுத்தில் சொன்னீர்களா? சொல்லவில்லை. வாயால் பத்து தடவை சொல்லியிருக்கிறார், ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 13.3-ன் உயிர் இதில்தான் இருக்கிறது. கடைக்காரரோடு பேசித் தீர்க்க முயன்றேன், பொருளைத் திருப்பித் தந்தேன் அல்லது தர முன்வந்தேன் என்று காட்ட வேண்டும். காட்டிய பிறகும் வங்கி 15 நாள் காத்திருந்துதான் புகாரை நெட்வொர்க்கில் ஏற்ற முடியும். பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்பது நடக்காது.

14-ம் தேதி பெரம்பூர் தபால் ஆபீசிலிருந்து ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் போனது. அதையே கடையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினோம். கடிதம் இவ்வளவுதான்:

'13.4.2024 அன்று தங்கள் கடையில் டெபிட் கார்டில் ரூ. 28,490 செலுத்தி, ரூ. 3,000 எக்ஸ்சேஞ்ச் கழிவுடன் வாங்கிய ஃப்ரிட்ஜ் 21.4.2024 முதல் குளிர்விக்கவில்லை. 25.4, 6.5, 9.5 ஆகிய நாள்களில் சர்வீஸ் செய்தும் பழுது நீங்கவில்லை. 18.5.2024 அன்று நேரில் கேட்டபோது திரும்ப எடுக்க மறுத்தீர்கள். பொருள் இன்று முதல் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, எடுத்துச் செல்லத் தயாராக என் வீட்டில் உள்ளது. 15 நாளுக்குள் எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரவும்.'

வசவு இல்லை, மன உளைச்சல் இல்லை, வக்கீல் பாஷை இல்லை. தேதியும் தொகையும் மட்டும். மகனுக்கு இது பிடிக்கவில்லை. "நாலு வார்த்தை சூடா எழுதலாம் சார்" என்றார். அந்தச் சூட்டைப் படிக்கப்போவது கடைக்காரர் இல்லை, எங்கேயோ ஒரு அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு ஃபைல் பார்க்கும் ஒருத்தர் என்று சொன்னேன். நானும் ஒரு காலத்தில் அந்த ஒருத்தர்தான். தேதி இருக்கிற ஃபைலைத்தான் முதலில் கையில் எடுப்பேன்.

இணைப்பைத் துண்டிக்கும் முன் ஒரு காரியம் செய்தோம். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் வைத்து, பக்கத்தில் தேதி கிழிக்கும் காலண்டரைச் சாய்த்து, காலையும் மாலையும் இரண்டு நாள் படம் எடுத்தோம். 5 டிகிரிக்குக் கீழே நிற்க வேண்டியது 13-லும் 14-லும் நின்றது. மாவு பொங்கியது என்றால் மாவின் மேல் பழி போடலாம். 14 டிகிரி என்றால் மாவு தப்பித்தது. அதன் பிறகு மாவுத் தூக்குகள் தெருவில் நாலு வீட்டு ஃப்ரிட்ஜுகளுக்குப் பிரிந்து போயின. எங்கள் வீட்டில் இரண்டு.

டெபிட் கார்டுக்குக் கிடையாது சார்

கடையிலிருந்து பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை மட்டும் கடை முத்திரையோடு திரும்பி வந்தது. ஜூலை 1, திங்கட்கிழமை, 79-ம் நாள், வங்கிக் கிளைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. "சார்ஜ்பேக் எல்லாம் கிரெடிட் கார்டுக்குத்தான் சார், டெபிட் கார்டுக்குக் கிடையாது" என்றார்.

சார்ஜ்பேக் என்றால், தகராறில் நம் வங்கி கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுப்பது. டெபிட் கார்டுக்கு அது கிடையாது என்பது வங்கிக்காரர்களிடமே வேரூன்றிப்போன நம்பிக்கை. கிரெடிட் கார்டில் நீங்கள் இன்னும் கட்டாத வங்கிப் பணம். டெபிட்டில் உங்கள் கணக்கிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட பணம். அந்த வித்தியாசம் நிஜம், அதன் வலியும் நிஜம். ஆனால் தகராறு விதிகள் விசா கார்டு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். நான் வாக்குவாதம் செய்யவில்லை. "தலைமை அலுவலகக் கார்டு பிரிவுக்கு டிஸ்ப்யூட் ஃபார்மை அனுப்புங்கம்மா, அவங்க முடியாதுன்னா எழுத்துல சொல்லட்டும்" என்றேன். ஃபார்மில் 'பொருள் பழுது / விவரித்தபடி இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்தோம். பில், கணக்கு அறிக்கை, கடித நகல், ஒப்புகை அட்டை, தெர்மாமீட்டர் படங்கள், மே 6 ஜாப் ஷீட்டின் படம். நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டோம்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லையென்றால், 2021 நவம்பர் 12-ல் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குப் போகலாம். எண் 14448, கட்டணம் இல்லை. ஆனால் குறைதீர்ப்பாளர் பார்ப்பது வங்கி தன் வேலையைச் செய்ததா என்பதைத்தான். ஃப்ரிட்ஜ் குளிர்கிறதா என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். எங்களுக்கு அந்தப் படியேற வேண்டி வரவில்லை.

ஜூலை 9-ல் 28,490 கணக்கில் வரவானது. அம்மா லட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். தற்காலிக வரவு, தொட வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் தொடவில்லை. மகன் பள்ளிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் எடுத்துவிட்டார்.

கடையின் பதில்

சார்ஜ்பேக் என்பது இரண்டு வங்கிகளுக்கு நடுவே நடக்கும் இழுபறி. அம்மாவின் வங்கி, கடையின் வங்கியிடமிருந்து பணத்தை இழுக்கிறது. கடையின் வங்கி கடையைக் கேட்கிறது. கடை ஆதாரங்களோடு எதிர்த்தால் பணம் திரும்பப் போகும். ஆகஸ்ட் 2-ல் அதுதான் நடந்தது. ஐந்தாம் தேதி வங்கி தற்காலிக வரவைத் திரும்ப எடுத்தது. பத்தாயிரம் குறைந்திருந்த கணக்கு அடியோடு வறண்டது. மகன் கடன் வாங்கிக் கட்டினார். லட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடை மூன்று விஷயம் சொல்லியிருந்தது. முதலாவது, அம்மா கையெழுத்திட்ட ஏப்ரல் 25 ஜாப் ஷீட்: கூலிங் சரியாக இருக்கிறது. இரண்டாவது, பழுது என்றால் கம்பெனியின் வாரன்டிதான் பொறுப்பு, கடை அல்ல. மூன்றாவதுதான் என்னைக் கொஞ்சம் உட்கார வைத்தது: இவர் வியாபாரத்துக்கு மாவு வைக்கிறார், வாரன்டி அட்டையில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறது.

வாரன்டி அட்டையில் அப்படி இருந்தது உண்மைதான். அம்மா மாவு விற்றதும் உண்மைதான், தெருவில் பத்து வீட்டுக்கு. நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. தையல் மெஷின் வாங்கித் தைத்துப் பிழைப்பவர், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர், இந்த அம்மா எல்லோரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறவர்கள். ஆனால் சார்ஜ்பேக்கில் இந்த வாதத்துக்கு எடை எவ்வளவு? சட்டப் பிரிவு எழுதினால் அந்த மேசையில் யாரும் அசைய மாட்டார்கள். அங்கே வேண்டியது எளிமையான ஒன்று: பழுது மாவால் வந்ததா, முன்பே இருந்ததா?

அதற்கு மே 6 தாள் பதில் சொன்னது. கேஸ் குறைவு, லீக். லோடு கூடினால் குளிர் குறையும். ஆனால் லோடு கூடியதால் வாங்கி மூன்று வாரத்தில் குழாயில் ஓட்டை விழாது. அதை எழுதியவர் கம்பெனியே அனுப்பிய டெக்னீஷியன். ஏப்ரல் 25 தாளுக்குப் பிந்தியது. அந்த இரண்டாவது தாளைக் கடை தன் பதிலில் சேர்க்காமல் விட்டிருந்தது.

இந்தப் படத்தை ஜூலையிலேயே கொடுத்திருந்தோமே என்று வங்கியில் கேட்டேன். கொடுத்திருந்தோம், ஸ்கேன் செய்யும்போது கறுப்பாகி எழுத்துத் தெரியாமல் போயிருக்கிறது. இந்த மாதிரிச் சில்லறைக் காரணங்களில்தான் பாதிக் கேஸ்கள் சாகின்றன. மகனின் போனிலிருந்து அசல் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். எழுதியிருந்ததை அப்படியே தட்டச்சு செய்து கீழே சேர்த்தோம். ஒரு பக்கத்தில் நான்கே வரி: கையெழுத்திட்ட தாள் ஏப்ரல் 25, லீக் கண்டது மே 6, கேஸ் நிரப்பியது மே 9, குளிர் திரும்ப நின்றது மே 17. பணம் வாங்கியது கடை, பில் கொடுத்தது கடை.

ஆகஸ்ட் 8-ல் வங்கி அடுத்த கட்டத்துக்கு ஏற்றியது. ப்ரீ-ஆர்பிட்ரேஷன் என்பார்கள். இதையும் எதிர்த்தால் விவகாரம் விசாவின் தீர்ப்புக்குப் போகும், தோற்ற பக்கம் அதற்கான கட்டணத்தையும் சுமக்க வேண்டும். 28,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவை எந்த வங்கியும் விரும்பாது. கடையின் வங்கி ஒத்துக்கொண்டது. செப்டம்பர் 6-ல் பணம் வந்தது, இந்த முறை நிலையாக.

இன்னொரு பாதை, அவர் போகாதது

நடுவில் ஜூன் 20 அன்று 1915-க்கும் போன் செய்திருந்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் உத்தரவு போட மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார்கள். அதற்குப் பலன் இருந்தது. ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து பேசினார்கள்: கம்ப்ரசரோடு குளிரூட்டும் பகுதியை முழுக்க இலவசமாக மாற்றித் தருகிறோம்.

வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஒத்துக்கொண்டால், தீர்வு கிடைத்துவிட்டது என்று கார்டு கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அது சரியான யோசனைதானா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒத்துக்கொண்டிருந்தால் ஜூலை முதல் வாரத்திலேயே அவர் வீட்டில் ஓடுகிற ஃப்ரிட்ஜ் இருந்திருக்கும். ஆகஸ்டில் கணக்கு வறண்டபோது இதை நினைத்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

பணம் வந்த பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். பெரம்பூருக்கு சென்னை வடக்கு ஆணையம். நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கடை எங்கே இருந்தாலும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்தில் தாக்கல் செய்யலாம், இரண்டு வருடம் வரை அவகாசம். வீணான மாவு, போன வியாபாரம், மன உளைச்சல் இதற்கெல்லாம் நஷ்ட ஈடு அங்கேதான் கேட்க முடியும். கார்டு வழியில் அசல் மட்டும்தான். சட்டப்படி எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், மேலே 15 நாள், அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் தீர்ப்பு, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்பது சட்டத்தின் விருப்பம். நடப்பில் அதைவிட இழுக்கும் என்பதையும் சொன்னேன்.

அம்மா யோசித்தார். "ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் மாவு ஆட்ட முடியாது அண்ணா. முந்நூறு ரூபா போயிடும். எத்தனை வாய்தா?" என்றார். என்னால் எண் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டார். நான் போயிருப்பேன். ஆனால் எனக்குப் பென்ஷன் வருகிறது.

பழைய ஃப்ரிட்ஜின் 3,000-த்துக்குக் கடை ஒரு கூப்பன் கொடுத்தது, அதே கடையில் மட்டும் செல்லும். ரொக்கம் கேளுங்கள் என்று நான் சொல்வதற்குள் அவர் போய் ஒரு குக்கரும் மிக்ஸி ஜாரும் வாங்கி வந்துவிட்டார்.

செப்டம்பர் 21

பணம் போன பிறகும் கடை பொருளை எடுக்க வரவில்லை. இரண்டாவது ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை வேன் வந்தது. இரண்டு பையன்கள் மேலே ஏறி வந்து, "இறக்குக்கூலி 500 ஆகும்மா" என்றார்கள். "ஏத்தக் கொடுத்தது நானு. இறக்க உங்க மொதலாளிகிட்ட வாங்கிக்க" என்றார் அம்மா.

கீழே வேனில் ஏற்றிக் கட்டிய பிறகு ஒரு பையன் தாளை நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து."

அம்மா கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். மகனைக் கூப்பிட்டு ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு, பழுதான நிலையில் திரும்ப எடுத்துச் செல்லப்படுகிறது என்று அந்தப் பையனையே எழுத வைத்தார். பிறகு போனில் இரண்டு படம், ஒன்று கிட்டத்தில், ஒன்று தள்ளி நின்று. எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆனது. வேன் டிரைவர் அதுவரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.